முதல் பனிச்சறுக்குப் பயணம்: மூன்று நாள், அளவான செலவு

பனிச்சறுக்கு என்றாலே கையைக் கடிக்கும் செலவு என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். செலவு உண்டுதான். ஆனால் முதல் முறை போகிறவர்களின் பணத்தில் கணிசமான பங்கு, அவர்கள் பயன்படுத்தவே முடியாத வசதிகளுக்குப் போய்ச் சேருகிறது. பிரான்ஸில் த்ருவா வல்லே என்ற பகுதியில் சுமார் 600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குப் பாதைகள் இருக்கின்றன. முதன்முதலாக ஸ்கீயை, அதாவது சறுக்கும் நீளப் பலகையை, காலில் மாட்டுகிறவர் அங்கே போனாலும், மூன்று நாளும் அவர் இருக்கப்போவது ஏதோ ஒரு மூலையில், சில நூறு மீட்டர் நீளத்தில், சிறுவர்கள் விழுந்து எழுந்துகொண்டிருக்கும் தொடக்கநிலைச் சரிவில்தான். அப்படிப்பட்ட சரிவு பெயர் தெரியாத சின்ன மலையிலும் உண்டு. அதனால் ஒவ்வொரு செலவுக்கு முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நான் கற்றுக்கொள்ள உதவுமா, அல்லது நான் ஏறப்போகாத மலைக்குக் கட்டும் கப்பமா?

எத்தனை நாள், எந்த மாதம்

மூன்று பகல், நான்கு இரவு. முதல் பயணத்துக்கு இதுவே சரியான அளவு என்பேன். முதல் நாள் முழுவதும் உடம்பு திணறும். இரண்டாம் நாள் காலையில்தான் வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும் பிடிபடத் தொடங்கும். மூன்றாம் நாள் பலர் மிக எளிய பாதை ஒன்றில் தாங்களாகவே இறங்கிவிடுகிறார்கள். ஒரே நாளில் திரும்பிவிட்டால் வலியும் வியர்வையும் மட்டுமே மிஞ்சும். ஒரு வாரம் தங்கினால் நான்காம் நாள் தொடை ஒத்துழைக்காது. அறையில் படுத்துக்கொண்டு லிஃப்ட் பாஸுக்கு, அதாவது மலைமேல் ஏற்றிவிடும் இயந்திரங்களுக்கான அட்டைக்கு, காசு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

வட அரைக்கோளத்தில் பருவம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா என்றால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. விலை உச்சத்தில் இருப்பது கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலும், ஐரோப்பாவில் பள்ளி விடுமுறைகள் வரும் பிப்ரவரியிலும். இந்த இரண்டையும் தவிர்த்தாலே பட்ஜெட்டில் பெரிய துண்டு மிச்சமாகும். மலிவான காலங்கள் இரண்டு: புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு வரும் ஜனவரி வாரங்கள், பிறகு மார்ச். புதியவர்களுக்கு நான் மார்ச் மாதத்தையே சொல்வேன். பகல் நீளம், குளிர் குறைவு, நண்பகலுக்கு மேல் பனி இளகி விழுந்தாலும் அவ்வளவாக வலிக்காது. ஜனவரிக் காலையில் சரிவு கல்லாக இறுகிக் கிடக்கும். மார்ச்சில் போவதானால் கொஞ்சம் உயரமான மலையாகப் பாருங்கள். தாழ்வான ஊர்களில் அதற்குள் புல் தெரிய ஆரம்பித்துவிடும். டிசம்பர் தொடக்கமும் மலிவுதான், ஆனால் பனி விழுமா என்பது சூதாட்டம். செயற்கைப் பனி இருக்கிறதே என்று நினைக்கலாம். ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் அந்த இயந்திரங்களும் ஒழுங்காக வேலை செய்யும்.

வாரக் கடைசியைத் தவிர்த்துத் திங்கள் முதல் புதன் வரை சறுக்க முடிந்தால் அறையும் மலிவு, வரிசையும் குறைவு.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

விளம்பரத்தில் பாதைகளின் மொத்த நீளம், மலை உச்சியின் உயரம், லிஃப்ட்டுகளின் எண்ணிக்கை எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போய் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். தொடக்கநிலைச் சரிவு எங்கே இருக்கிறது? அங்கே மட்டும் செல்லுபடியாகும் மலிவு டிக்கெட் உண்டா? உங்களுக்குப் புரியும் மொழியில் குழுப் பாடம் நடக்கிறதா?

முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல்கேரியாவின் பான்ஸ்கோ, ஐரோப்பாவில் சிக்கனமாகப் போய்வர ஏற்ற ஊர் என்று பெயர் பெற்றது, பெயருக்கேற்ற ஊரும்கூட. ஆனால் அங்கே பழகும் சரிவு ஊரை ஒட்டி இல்லை. கம்பிவடத்தில் தொங்கியபடி மேலேறும் பெட்டியான கோண்டோலாவில் ஏறி சுமார் 1600 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். கூட்டமான நாள்களில் அந்த கோண்டோலாவுக்குக் காலையில் நீண்ட வரிசை நிற்கும். பாடம் தொடங்கும் நேரத்தில் நீங்கள் வரிசையிலேயே இருக்கலாம். ஸ்லோவேனியாவின் கிரான்ஸ்கா கோராவில் நிலைமை நேர்மாறு. மெல்லிய சரிவுகள் ஊரின் விளிம்பிலேயே தொடங்குகின்றன, அறையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் ஊர் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில்தான் இருப்பதால் வெப்பமான குளிர்காலங்களில் பனி கைவிட்டுவிடும். ஜார்ஜியாவின் குடவுரி தலைநகர் டிபிலிசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்; கிராமமே 2000 மீட்டருக்கு மேல் இருப்பதால் பனிக்குக் குறைவில்லை, ஆனால் பெருமழைபோல் பனி கொட்டும் நாளில் சாலை மூடப்படுவதும் உண்டு. குறையில்லாத ஊர் எதுவும் இல்லை. உங்கள் மாதத்துக்கும் பணப்பைக்கும் எந்தக் குறை பரவாயில்லையோ அதைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

வரைபடத்தில் பாதைகளுக்கு நிறம் போட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்; பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆக, ஐரோப்பாவின் நீலமும் அமெரிக்காவின் நீலமும் ஒன்றல்ல. மேலும் இந்த நிறங்கள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போடப்படுபவை. ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரில் சிவப்பாக இருக்கக்கூடும்.

உள்ளரங்கப் பனிச்சரிவு போகும் தூரத்தில் இருந்தால் பயணத்துக்கு முன்பே ஒரு பாடம் எடுத்துவிடுங்கள். 2005-இல் திறந்த ஸ்கீ துபாயில் 400 மீட்டர் நீளச் சரிவு இருக்கிறது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன், சீனா ஆகிய நாடுகளிலும் இத்தகைய அரங்குகள் உண்டு. பூட்ஸ் மாட்டுவது, நிற்பது, நிறுத்துவது ஆகியவற்றை அங்கேயே முடித்துக்கொண்டால் மலையில் அரை நாள் மிச்சம்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா என்று யோசிப்பவர்களுக்கு: மூன்று நாள்தான் என்றால் ஸ்கீ. ஸ்னோபோர்டில் இரு கால்களும் ஒரே பலகையில் கட்டுண்டிருக்கும். முதல் இரண்டு நாள் பெரும்பாலும் பின்புறத்திலும் மணிக்கட்டிலும் விழுவதிலேயே கழியும்.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

பாடத்தில் சிக்கனம் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் வெட்டியாவது மூன்று நாளும் காலையில் குழுப் பாடம் பதிவு செய்யுங்கள். நன்றாகச் சறுக்கத் தெரிந்த நண்பர், "நானே சொல்லித் தருகிறேன்" என்று முன்வருவார். அன்போடு மறுத்துவிடுங்கள். அவர் எப்படிக் கற்றார் என்பது அவருக்கே மறந்திருக்கும்; நேராக மேலே கூட்டிப்போய், "முழங்காலை மடக்கு, அவ்வளவுதான்" என்பார். நான்கு பேராகப் போகிறீர்கள் என்றால் தனி ஆசிரியரின் கட்டணத்தைப் பங்கிட்டுப் பாருங்கள். சில ஊர்களில் குழுப் பாடத்தைவிடக் கொஞ்சமே கூடுதலாக வரும்.

லிஃப்ட் பாஸில்தான் தாராளமாகக் கத்தரி வைக்கலாம். முழு மலைக்கும் மூன்று நாள் பாஸ் வாங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் வீண் செலவு. முதல் நாள் நீங்கள் ஏறப்போவது தரையோடு நகரும் கம்பளப் பட்டையில்தான். தொடக்கநிலைப் பகுதிக்கு மட்டுமான டிக்கெட், அரை நாள் டிக்கெட், ஒவ்வொரு முறை ஏறும்போதும் புள்ளி கழியும் அட்டை என்று எத்தனையோ வகை உண்டு. பிரான்ஸின் பல ஊர்களில் பழகும் சரிவின் லிஃப்ட்டுகள் இலவசம். மூன்றாம் நாள் ஆசிரியர், "இனி மேலே போகலாம்" என்று சொன்னால் அன்றைக்கு மட்டும் பெரிய பாஸ் வாங்கிக்கொள்ளலாம். பாடம், வாடகைச் சாமான், தொடக்கநிலைப் பாஸ் மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் தரும் தொகுப்பு இருந்தால் பெரும்பாலும் அதுவே லாபம்.

தங்கும் அறையில் ஒரு நுணுக்கம். சரிவை ஒட்டிய விடுதிகளின் விலை கண்ணைக் கட்டும்; இலவச ஸ்கீ பஸ் ஓடும் பள்ளத்தாக்கு ஊரில் தங்கினால் அதில் ஒரு பங்குதான் ஆகும். பஸ்ஸில் போவதில் உண்மையான தொல்லை தூரம் அல்ல, சுமை. கனத்த பூட்ஸோடு, தோளில் ஸ்கீயைச் சுமந்துகொண்டு உறைந்த நடைபாதையில் நடப்பது சறுக்குவதைவிடக் கடினம். ஆகவே சரிவின் அடிவாரத்திலேயே உள்ள வாடகைக் கடையாகப் பார்த்து, இரவில் சாமான்களை அங்கேயே வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள். அது கிடைத்துவிட்டால் சாதாரணக் காலணி மாட்டிய மனிதராகப் பஸ்ஸில் போய்வரலாம்.

மதிய உணவைப் பையில் கொண்டுபோங்கள்; மலைமேல் உணவகங்களில் எல்லாமே விலை.

இன்ஷூரன்ஸில் கை வைக்கவே கூடாது. சாதாரணப் பயண இன்ஷூரன்ஸ் பலவற்றில் பனிச்சறுக்கு சேராது. குளிர்கால விளையாட்டுக்கென்று தனி இணைப்பு வாங்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பு, சரிவிலிருந்து தூக்கி வரும் செலவு, அடுத்தவருக்கு நீங்கள் ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்பு ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் படியுங்கள். குறியிட்ட பாதைக்கு வெளியே போனாலோ மது அருந்தியிருந்தாலோ பணம் கிடையாது என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். இத்தாலியில் 2022 முதல், அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கான அந்தப் பொறுப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2025-26 பருவத்திலிருந்து எல்லா வயதினருக்கும் ஹெல்மெட்டும் அங்கே கட்டாயமாகிவிட்டது. சட்டம் கேட்காத நாட்டிலும் ஹெல்மெட்டை வாடகைக்கு எடுங்கள்.

உடை

விலையுயர்ந்த ஸ்கீ ஜாக்கெட்டை மூன்று நாளுக்காக வாங்காதீர்கள். தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வாடகைக்கு எடுங்கள். தேவை மூன்று அடுக்கு: உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கதகதப்பான ஃப்ளீஸ் சட்டை, வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். பருத்தியும் ஜீன்ஸும் கூடவே கூடாது. வியர்வையையும் பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் உடம்பை நடுங்க வைத்துவிடும்.

சொந்தமாக வாங்க வேண்டியவை சிறு சாமான்கள்தான். தண்ணீர் புகாத கையுறை, முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ காலுறை இரண்டு ஜோடி, பனிக் கண்ணாடி, சன்ஸ்கிரீன். கடைசியாகச் சொன்னதைக் குளிரில் யாரும் நினைப்பதில்லை. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை முகத்துக்கே திருப்பி அனுப்பும். மூக்கின் அடிப்புறமும் தாடையும் கருகுவது அதனால்தான்.

வாடகைக் கடையில்

சறுக்கத் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலையே, ஊருக்கு வந்து சேர்ந்தவுடன், கடைக்குப் போய்விடுங்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே திருவிழாக் கூட்டம் இருக்கும். அவசரத்தில் மாட்டிய பூட்ஸ்தான் பயணத்தையே கெடுக்கும்.

ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். உங்கள் பாதத்தை முன்பே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மெல்லிய காலுறை மட்டும் உள்ளே போக வேண்டும். தெர்மலின் கால்நுனியைச் சுருட்டிப் பூட்ஸுக்கு மேலே வைத்துவிடுங்கள்; உள்ளே ஒரு மடிப்பு மாட்டிக்கொண்டால் மதியத்துக்குள் கெண்டைக்கால் முன்னெலும்பில் தடித்துவிடும். குதிகாலைத் தரையில் இரண்டு முறை ஓங்கித் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு கொக்கிகளை மாட்டுங்கள், மேலுள்ள இரண்டை இறுக்கமாக, கீழுள்ளவற்றைத் தளர்வாக. நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும். சாயும்போது குதிகால் மேலே எழும்பினால் பூட்ஸ் பெரிது. பெரிய பூட்ஸ் சௌகரியமாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் காலைத் திருப்பினாலும் ஸ்கீ திரும்பாது. பத்து நிமிடம் மாட்டியபடியே கடைக்குள் நடந்து பாருங்கள். மறுநாள் வலித்தால் தயங்காமல் போய் மாற்றிக் கேளுங்கள். கடைக்காரர்களுக்கு இது அன்றாட வேலை.

ஸ்கீ உங்கள் தாடை உயரத்துக்குப் போதும். குட்டையானது எளிதில் திரும்பும்.

கடைக்காரர் எடை, உயரம், வயது, திறமை எல்லாம் கேட்பார். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள், திறமையைக் கூட்டியும் சொல்லாதீர்கள். விழும்போது பூட்ஸைவிட்டு ஸ்கீ எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் திருகி வைப்பார். கழல வேண்டிய நேரத்தில் கழலாத ஸ்கீ முழங்காலை முறுக்கிவிடும். இந்த விளையாட்டில் அதிகம் அடிபடும் மூட்டும் அதுவே.

முதல் நாள் சரிவில்

சரிவுக்குக் குறுக்கே நின்று, பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் கைக்கோலால் தட்டிவிட்டு, முதலில் கீழ்ப்பக்கத்து ஸ்கீயை மாட்டுங்கள். பனி ஒட்டியிருந்தால் எவ்வளவு மிதித்தாலும் பூட்டாது. புதியவர்கள் முதல் கால் மணி நேரத்தை இதிலேயே தொலைத்துவிட்டு, ஸ்கீ பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆசிரியர் முதலில் சொல்லித் தருவது வேகத்தைக் குறைப்பது. ஸ்கீக்களின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்ட வேண்டும். எவ்வளவு அகட்டுகிறீர்களோ அவ்வளவு மெதுவாகும். பயந்தவுடன் உடம்பு தானாகப் பின்னுக்குச் சாயும். அங்கேதான் சிக்கல்: பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதியில் பளுவே இருக்காது, அது சொன்னபடி கேட்காமல் ஓடும். கெண்டைக்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கட்டும், கை இரண்டும் முன்னால் கண்ணில் படும்படி இருக்கட்டும், பார்வை ஸ்கீ நுனியில் இல்லாமல் போகும் திசையில் இருக்கட்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் இடுப்போடு சாய்ந்து விழுந்துவிடுங்கள். எழும்போது ஸ்கீக்களை உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்தால்தான் அவை நழுவாது.

இதற்கெல்லாம் தொடைதான் மூலதனம். பயணத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பிருந்தே தினமும் உட்கார்ந்து எழும் பயிற்சியும், சுவரில் முதுகைச் சாய்த்துத் தொடை தரைக்கு இணையாக நிற்கும் பயிற்சியும் செய்து வையுங்கள்.

நாற்காலி லிஃப்ட்

1936-இல் அமெரிக்காவின் சன் வேலியில் முதல் நாற்காலி லிஃப்ட் ஓடியது. அதை வடிவமைத்த ரயில்வே பொறியாளர் ஜேம்ஸ் கரனுக்கு, வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கொக்கி வரிசையிலிருந்து அந்த யோசனை பிறந்ததாம். வாழைத்தாருக்கு இறங்கும் கவலை இல்லை. நமக்கு அதுதான் பெரிய கவலை.

ஏறும்போது கைக்கோல் இரண்டையும் ஒரே கையில் பிடித்து, முதுகுப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பையின் வார் நாற்காலியில் சிக்கி இறங்க முடியாமல் போவதுண்டு. பின்னால் திரும்பிப் பார்த்தபடி நின்றால் நாற்காலி தானே வந்து முழங்காலுக்குப் பின்னால் தட்டும், உட்காருங்கள், தடுப்புக் கம்பியை இறக்குங்கள். மேலே பலகையில் அறிவிப்பு வந்ததும் கம்பியைத் தூக்கி, ஸ்கீ நுனிகளை மேல்நோக்கி வைத்து, தரை தொட்டவுடன் எழுந்து நேராகச் சறுக்கிப் போய்விடுங்கள். நடுவில் நிற்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்காதீர்கள். விழுந்தாலும் பெரிய விஷயம் இல்லை, ஊழியர் லிஃப்ட்டை நிறுத்துவார். ஆனால் உடனே ஊர்ந்தாவது ஒதுங்குங்கள். முதல் முறை என்று ஏறும்போதே ஊழியரிடம் சொன்னால் வேகத்தைக் குறைத்துத் தருவார்கள்.

சரிவின் சட்டம்

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுத்த நடத்தை விதிகள் பத்து. விபத்து வழக்குகளில் நீதிமன்றங்களும் அவற்றைப் பார்க்கின்றன. புதியவருக்கு உயிரானது இது: உங்களுக்குக் கீழே, முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. அவர் எப்படித் திரும்பினாலும் இடிக்காமல் போவது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. நின்று மூச்சு வாங்க வேண்டுமானால் ஓரத்துக்குப் போங்கள். குறுகிய இடத்திலும், மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத மேட்டுக்குப் பின்னாலும் நிற்காதீர்கள். கயிறோ கம்பமோ வைத்து மூடிய பகுதிக்குள் போகவே கூடாது, அங்கே மேலிருந்து பனி பெயர்ந்து சரியும் ஆபத்து இருக்கலாம்.

பாதையோரக் கம்பங்களில் எண் எழுதியிருப்பார்கள். யாராவது அடிபட்டால் அவருக்கு மேற்பக்கத்தில் இரண்டு ஸ்கீக்களைப் பெருக்கல் குறியாக நட்டுவைத்து, மீட்புக் குழுவுக்கு அந்தக் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் அவசர எண் 112.

2500 மீட்டருக்கு மேலான இடங்களில் தலைவலியோ குமட்டலோ வந்தால் அது பூட்ஸின் குற்றம் அல்ல. தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, தணியாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம்தான் ஆசை பெருகும் நேரம். உடம்பு களைத்திருக்கும், பனி கரைந்து மேடு பள்ளமாகியிருக்கும், மனமோ "இன்னும் ஒரே ஒரு முறை" என்னும். அந்த முறைக்கு முன்பே நிறுத்துங்கள். கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்து, முன்பணம் இருந்தால் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ் அட்டைக்குச் சில ஊர்களில் தனியாக வைப்புத்தொகை உண்டு, அதற்கான எந்திரம் அநேகமாக டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஊர் திரும்பும் விமானத்தை அன்றிரவே வைக்காமல் மறுநாளைக்கு வையுங்கள். மலைச்சாலையில் பனி கொட்டினால் பஸ் எப்போது போய்ச் சேரும் என்பதை ஓட்டுநராலும் சொல்ல முடியாது.